யாகேலின் வீட்டில் ஆணி இல்லை

எங்கள் வீட்டுச் சுவரில் ஏழு வருஷம் ஓர் ஆணிகூடக் கிடையாது. சபையில் கொடுத்த வசனக் காலண்டர் ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்து நிற்கும். முகம் பார்க்கும் கண்ணாடி அரிசி டப்பாவுக்கு முட்டுக் கொடுத்து நிற்கும். கேட்கிறவர்களிடம் என் கணவன், "வூட்டுக்காரம்மா செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்ட்டாங்க" என்பான். அந்த அம்மா அப்படிச் சொன்னது உண்மைதான். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிற யார்தான் சொல்லவில்லை? சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாளே எல்லாரும் நாலு ஆணி அடித்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது சட்டமாக நின்றது. அதற்குக் காரணம் வீட்டுக்காரம்மா இல்லை, என் பேர்.

என் பேர் யாகேல். வேதம் வாசித்தவர்களிடம் சொன்னால் முகம் ஒரு மாதிரி ஆகும். வாசிக்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். போரில் தோற்ற சேனாபதி ஒருவன் உயிருக்குப் பயந்து ஓடி வருகிறான். வழியில் ஒரு பெண் அவனைத் தன் கூடாரத்துக்குள் கூப்பிடுகிறாள். அவன் தண்ணீர் கேட்கிறான், அவள் பால் கொடுக்கிறாள். போர்வை போர்த்திவிடுகிறாள். அவன் அயர்ந்து தூங்கியதும் கூடாரம் கட்டுகிற ஆணி ஒன்றையும் சுத்தியலையும் எடுத்து வருகிறாள். ஆணியை அவன் நெற்றிப்பொட்டில் வைத்து, அது மறுபக்கம் தரையில் இறங்கும்வரை அடிக்கிறாள். அவள்தான் யாகேல். வேதம் அவளைத் திட்டவில்லை, பாட்டுப் பாடிப் புகழ்கிறது. ஆனாலும் எஸ்தரும் ரூத்தும் தெருவுக்கு நாலு பேர் இருக்கிற எங்கள் பக்கத்தில் இன்னொரு யாகேலை நான் பார்த்ததில்லை.

பிள்ளைப்பாக்கத்தில் நான் பிறந்தபோது அம்மா சபைக்குப் புதுசு. அந்தச் சபையில் பேர் வைக்க ஒரு வழக்கம் இருந்தது. தாய் கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைக்க வேண்டும். விரல் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் என்ன பேர் இருக்கிறதோ அதைப் போதகர் வாசிப்பார். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவள் விரலைப் பார்த்துவிட்டுப் போதகர், "இன்னொரு தபா வைம்மா" என்றாராம். ஏன் என்று கேட்டதற்குக் கதையைச் சுருக்கமாகச் சொன்னாராம். அம்மா விரலை எடுக்கவில்லை. "ஆண்டவர் குடுத்தத வாணாம், வேற குடுன்னு கேக்க இது இன்னா ரேசன் கடையா?" என்று அவரையே திருப்பிக் கேட்டிருக்கிறாள். அதோடு முடிந்தது.

பேருக்கு ஏற்ற மாதிரி எனக்குக் கோபமும் மூக்கு நுனியில்தான். எட்டாவது படிக்கும்போது பின் பெஞ்சுப் பையன் ஒருவன் என் சடையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டான். நான் எழுந்தபோது கொத்தாக முடி போனது. திரும்பி, அவன் புறங்கையில் காம்பஸைக் குத்தி இறக்கினேன். முள் பெஞ்சு வரைக்கும் போனது. ஹெச்.எம். அறையில் என் அம்மாவைப் பார்த்து வாத்தியார், "பேர் வச்சீங்களே, நல்லா வச்சீங்க" என்றார். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

கல்யாணப் பேச்சில் மாமியார் வீட்டார் பேரை மாற்றச் சொன்னார்கள். மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள் அவர்கள், கதை நன்றாகத் தெரியும். பத்திரிகையில் வேறு பேர் போட்டுக்கொள்ளலாமே என்றார் மாமியார். மாப்பிள்ளைதான் சிரித்துக்கொண்டே, "வர்றப்போ சுத்தி கொண்டாராம இருந்தா சரி" என்றான். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன், மடச்சி.

அவன் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். சுத்தியல், ஸ்பேனர், உளி எல்லாம் அவன் கையிலேயே புழங்குபவை. கல்யாணமான முதல் வாரத்திலேயே டூல் பையைக் கம்பெனி லாக்கருக்கு மாற்றிவிட்டான். இஞ்சி தட்டுகிற சின்னக் குழவிக்கல்கூட ஒரு நாள் காணாமல் போனது. அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

மூன்றாவது மாதம் முதல் அடி விழுந்தது. நான் காருக்கு வயர்க்கட்டு செய்கிற வயர் ஹார்னஸ் கம்பெனியில் லைனில் இருந்தேன். ஓ.டி. முடிந்து வர நேரமாகிவிட்டது. கதவைத் திறந்ததும் கன்னத்தில் அறைந்தான். நான் என்ன என்று கேட்பதற்குள் இன்னொரு கன்னம். பிறகு, "இன்னா மொறைக்கிற? எங்கடி உன் ஆணி? எடுத்தா பாக்கலாம்" என்றான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி வந்தது. கையால் அடிக்கும்போது கேட்டான், பெல்ட்டால் அடிக்கும்போது கேட்டான். கம்பெனியில் கால் நசுங்காமல் இருக்க இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ கொடுப்பார்கள். அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என் தொடையில், முதுகில், விலாவில் அடிப்பான். அப்போதும் கேட்டான். வலது விலாவில் ஒரு எலும்பு இன்றைக்கும் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கிறது.

எங்கள் கம்பெனி வாசலில், விபத்து நடக்காமல் எத்தனை நாள் ஓடியது என்று ஒரு போர்டு இருக்கும். எங்கள் வீட்டு வாசலில் ஒன்று மாட்டினால் எண்ணை மாற்றவே ஓர் ஆள் வேண்டும், அதுவும் ஆணி இல்லாமல் மாட்ட முடியாது என்று பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்துக்கொள்வேன்.

காம்பஸால் குத்தியவள் ஏன் வாங்கிக்கொண்டிருந்தாள் என்று கேட்பீர்கள். நானே கேட்டிருக்கிறேன். சபைப் பெண்கள் ஜெபம் பண்ணு என்றார்கள், அதற்காக இல்லை. அம்மா செத்துப்போய் எனக்குப் போக்கிடம் இல்லாமல் போனது, அதற்காகவும் முழுசாக இல்லை. நான் ஒரு விரலை ஓங்கினால் போதும், பார்த்தாயா, பேரிலேயே இருந்தது என்று ஊரே சொல்லும். ஹெச்.எம். அறையில் பெருமைப்பட்டவளுக்கு இப்போது அந்தச் சொல் பயமாக இருந்தது. அவன் என்னை அடிப்பது செய்தி ஆகாது, நான் அவனை ஒரு தட்டுத் தட்டினால் வேதத்தில் வந்த கதை ஆகிவிடும். என் பேர் என் இரண்டு கையையும் கட்டிப்போட்டிருந்தது. அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

ஒரே ஒரு முறை, கைக்குழந்தையாக இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது பைக்கில் வந்தான். முடியைப் பிடித்துத் தரையில் இழுத்தான். கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த இருபது பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். குழந்தை என் மேல் இருந்ததால் மல்லாந்தே போனேன். முதுகுத் தோல் ரோட்டில் உரிந்தது.

இத்தனைக்கும் அவன் என்னைக் கண்டு பயந்தான். இதை நம்புவது உங்களுக்குக் கஷ்டம், எனக்கே வெகுகாலம் தெரியவில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குவான். ஒரு நாள் அவன் தலைமாட்டு அலமாரியிலிருந்து குழந்தையின் சட்டையை எடுக்க எட்டினேன். கண்ணைத் திறந்தவன், நான் மேலே குனிந்து நிற்பதைப் பார்த்து அலறினான். அந்த மாதிரி ஓர் அலறலை ஓர் ஆம்பளையிடம் நான் கேட்டதில்லை. அன்றைக்கே கடைக்குப் போய்ப் பெரிய தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்து உள்ளறைக் கதவின் உள்பக்கம் பொருத்தினான். ஆணி இல்லை, எல்லாம் ஸ்க்ரூ. அதிலிருந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டுதான் தூங்குவான். என் கையால் பால் குடிக்கவும் மாட்டான். வீட்டில் வரக்காப்பி. பால் டீ வேண்டுமென்றால் முக்குக் கடைக்குப் போவான்.

மகளுக்கு ஆறு வயதான மே மாதம், சபையில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதப் பள்ளி நடத்தினார்கள். பாடம் எடுத்தவள் போன் கம்பெனியில் வேலை பார்க்கும் சின்னப் பெண். வேதத்தில் வரும் பெண்களைப் பற்றி ஒரு நாளைக்கு ஒரு கதை. மகள் ஓடி வந்தாள். "அம்மா, உன் பேரு கதை சொன்னாங்க. கூடாரம்லாம் படம் ஒட்டுனாங்க. ஒரு மாமா ஓடி ஓடி டயர்டாயி வந்தாரு. அந்த அம்மா பால் குடுத்தாங்க, போர்வ போத்துனாங்க."

"அப்புறம்?" என்றேன்.

"அவ்ளோதான். மீதிய பெரிய கிளாஸ் போனப்புறம் சொல்றாங்களாம்."

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆறு வயசுப் பிள்ளைகளிடம் ஆணியை எப்படிச் சொல்வாள்? போர்வையோடு நிறுத்திவிட்டாள். என் மகளுக்கு நான் களைத்து வந்தவனுக்குப் பால் கொடுத்த நல்ல அம்மா ஆகிவிட்டேன். அவள் சந்தோஷத்தைப் பார்த்து நானும் மீதியைச் சொல்லவில்லை. அப்பாவிடம் பேசாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை, அது என் தப்பு.

மறுநாள் காலை அவன் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தான். நான் பின்பக்கம் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். உள்ளே மகளின் குரல் கேட்டது. "அப்பா, நீ ஓடி வந்து டயர்டாயிட்ட. தண்ணி வேணும்னு கேளு."

"இன்னா?"

"நீ தண்ணி கேளுப்பா. நான் பால் தரேன்."

நான் துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். பின்வாசலில் இருந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவள் டம்ளரில் பாலும் தோளில் என் நீலப் போர்வையுமாக எதிரே நின்றாள். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. "யாருடி சொல்லிக் குடுத்தா?" என்றான். அவள் சிரித்துக்கொண்டே, "அம்மா பேரு கதை. குட்ச்சிட்டு படுத்துக்கப்பா, நான் போத்தி வுடுறேன்" என்றாள்.

ஷூ இறங்கியது. முதல் அடியில் டம்ளர் பறந்தது. இரண்டாவதற்கு அவள் கையைத் தூக்கினாள். இரும்பு முனை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் பட்டது. சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவது அவள் தோளில் விழுவதற்குள் நான் நடுவில் விழுந்துவிட்டேன். "புள்ளைய வுட்டு என்னக் கொல்லப் பாக்குறியா? பால் குடுத்துத் தூங்க வச்சி அடிக்கலாம்னு பாக்குறியா?" என்று கத்திக்கொண்டே என் தலையைப் பிடித்துச் சமையல் மேடைக் கல்லில் மோதினான். இன்னொரு முறை மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் போனது. நான் கீழே விழுந்ததும் வயிற்றில் உதைத்தான், ஒரு கால் வெறுங்காலாகவும் ஒரு காலில் ஷூவோடும். பிறகு மூச்சு வாங்க உள்ளறைக்குப் போனான். தாழ்ப்பாள் விழுந்தது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கும் இந்த வேலைக்கும் சேர்த்து அலுத்துப்போயிருப்பான். பத்து நிமிஷத்தில் குறட்டை கேட்டது.

மகளின் கை மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. அவள் அழவில்லை, பல் மட்டும் கிடுகிடுவென்று ஆடியது. கரண்டிக் காம்பை வைத்து என் துப்பட்டாவால் கையைக் கட்டினேன். பாலில் நனைந்த தரையில் அவளை உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பக்கத்து மனையில் மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சென்டரிங் பலகை அடிக்கும் ஆசாரியிடம், "அண்ணா, சுத்தியும் பெரிய ஆணியும் குடுங்க" என்றேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார். "இன்னாத்துக்குமா?"

"காலண்டர் மாட்ட."

அவர் வேறெதுவும் கேட்காமல் கொடுத்தார். ஒரு கை நிறைய நாலு இஞ்ச் ஆணி.

உள்ளறைக் கதவுக்கு முன்னால் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது நான் கதவுக்காக வரவில்லை. "காப்பி" என்று தட்டினால் தூக்கக் கலக்கத்தில் தாழைத் திறந்துவிட்டு மறுபடி போய்ப் படுப்பான், அது எனக்குத் தெரியும். வலது பக்கம் ஒருக்களித்துப் படுப்பான், அதுவும் தெரியும். புருவம் முடிகிற இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி என்று ஏழு வருஷமாக என் கண் அளந்து வைத்திருந்தது. ஆணியை எப்படிப் பிடிப்பது, முதல் அடியை எவ்வளவு பலமாக அடிப்பது என்றெல்லாம் நினைத்தேன். ஆசையாக இருந்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன்.

"அம்மா, என் கையப் பிடிச்சிக்கோ, தொங்குது" என்றாள் மகள் பின்னாலிருந்து.

அப்போதுதான் உறைத்தது. எக்ஸ்ரே எடுக்க அவள் கையை யார் பிடிப்பார்கள்? மாவுக்கட்டுப் போடும்போது யார் பிடிப்பார்கள்? நான் ஜெயிலுக்குப் போய்விட்டால் இவளை வளர்ப்பது அந்த மூன்று தலைமுறைக் குடும்பம். அவனை ஒன்றும் செய்யாமல் கிளம்பினாலும் பழையபடி பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பான். ஆணியை எடுத்துக் கதவு நிலையோடு சேரும் இடத்தில் சாய்வாக வைத்தேன்.

முதல் அடிக்குக் குறட்டை நின்றது. இரண்டாவது அடிக்கு, "ஏய்... ஏய்..." என்றான். மூன்றாவது அடிக்குக் கட்டிலிலிருந்து விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அலறத் தொடங்கினான். நான் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருவதாக நினைத்துவிட்டான். நான் அவனை உள்ளே வைத்து மூடுகிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? "வாணாம், வாணாம், யாகேல், வாணாம்" என்றான். கல்யாணமான நாளிலிருந்து ஏய், அடியே தவிர என்னை அவன் கூப்பிட்டதில்லை. அன்றைக்குத்தான் என் பேர் அவன் வாயில் வந்தது. மேலே இரண்டு, நடுவில் மூன்று, கீழே இரண்டு. ஒவ்வொரு ஆணிக்கும் பேரைச் சொல்லி அழுதான். ஓர் அடி என் கட்டைவிரலில் விழுந்து நகம் கறுத்தது. அதுகூட நன்றாகத்தான் இருந்தது.

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து ஓடி வந்தார். "இன்னாமா இது, ஆணி அடிக்காதன்னு எத்தினி தபா..." என்று ஆரம்பித்தவர் மகளின் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். உள்ளே அழுகிற குரலைக் கொஞ்ச நேரம் கேட்டார். "ஆட்டோவுக்கு சொல்றேன். நீ முன்னாடி புள்ளையத் தூக்கினு போ. போலீசு வர்ற வரிக்கும் கதவு அப்டியே கெடக்கட்டும்" என்றார். ஏழு வருஷம் மாடியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டவர்தான். அன்றைக்காவது சொன்னாரே.

பிறகு போலீஸ் வந்து கதவைப் பெயர்த்தது, மாமியார் வீட்டார் சபையில் வந்து பேரைக் காட்டிப் பேசியது, கோர்ட் இவையெல்லாம் நடந்தன, நடந்துகொண்டும் இருக்கின்றன. நாங்கள் இப்போது வேறு ஊரில் இருக்கிறோம்.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் எனக்கு ஆறு தையல், மகளுக்கு மாவுக்கட்டு. கட்டு காயும்வரை உட்காரச் சொன்னார்கள். கறுத்த கட்டைவிரலால் போனில் என் பேரைத் தேடினேன். முப்பத்தொரு வயது வரைக்கும் தேடியதே இல்லை. அர்த்தம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். போதகர், வாத்தியார், மாமியார், அவன், நான், எல்லாரும் அந்தப் பெண் ஒரே ஒரு நாள் செய்ததைத்தான் பேரின் அர்த்தம் என்று வைத்திருந்தோம். எபிரேய மொழியில் அதற்கு வரையாடு என்று அர்த்தமாம். மலை உச்சியில், பாறை விளிம்பில் நிற்குமே, அந்த ஆடு. துரத்துகிறவன் ஏற முடியாத இடத்துக்கு ஏறிப் போய் அங்கே குட்டி போட்டு வளர்க்கிற ஆடு. மலைதான் அதற்கு அடைக்கலம் என்று வேதத்தின் வேறொரு பக்கத்தில் வருவதும் ஞாபகம் வந்தது. அம்மா விரல் வைத்தபோது இதை யாராவது அவளுக்குச் சொல்லியிருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், அடி வாங்கியபோது அழாததையெல்லாம் சேர்த்து.

மகள் போனை எட்டிப் பார்த்தாள். படத்தில் ஓர் ஆடும் குட்டியும் செங்குத்துப் பாறையில் நின்றன. அவளுக்கு அதில் மனசு போகவில்லை. வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த மாமா பால் குட்ச்சிட்டு தூங்கிட்டாரு இல்ல? அப்புறம் அந்த அம்மா இன்னா பண்ணாங்க?"

இனி இதை மறைத்து வைக்க முடியாது என்று தெரிந்தது. "ஆணி அடிச்சாங்க" என்றேன்.

"எங்க?"

கட்டுப் போட்ட கையை என் மடியில் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

"கதவுல" என்றேன்.